ஜீன்ஸைப் பிழிந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேர் துணியையும் இந்தக் கைதான் துவைத்தது.

இப்போது ஒதியம்பட்டில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் பாண்டியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறான். மருமகள் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். மாதம் பிறந்தால் மகன் செல்லை வைத்துக்கொண்டு உட்காருவான். ஒவ்வொரு செலவையும் சொல்லி, “தேவையா, ஆசையா?” என்று கேட்பான். அரிசி, கரண்ட், பேத்தியின் பள்ளி வேன் எல்லாம் தேவை. என் வெற்றிலை பாக்கை ஆசை என்றான். முறைத்தேன், தேவையாகிவிட்டது.

போன மாதம் மருமகள், தவணையில் வாஷிங் மெஷின் வாங்கலாம் என்றாள்.

“அது ஆசை” என்றான் மகன். “எம்மா, நீயே சொல்லு. ஆறு புள்ளைங்களுக்கும் மெஷின் வெச்சா தொவச்ச?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆசைதான்” என்றேன்.

மருமகள் கோபப்படவில்லை. “சரி அத்த. எனக்கு லீவு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான். அதுவும் தொவைக்கிற கல்லுலயே போவுது. இந்த வாரம் நீங்க தொவச்சிட்டு சொல்லுங்க. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“இன்னாடி, எனக்கேவா?” என்று புடவையைத் தூக்கிச் செருகினேன்.

ஞாயிறு காலையில் கல்லருகே போனேன். பேத்தியின் யூனிஃபார்ம் சுலபமாகப் போனது. மகனின் ஜீன்ஸ் பேன்ட்டைப் பக்கெட்டிலிருந்து தூக்கினேன், வரவில்லை. எதிலோ மாட்டிக்கொண்டதோ என்று கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. முறுக்கிப் பிழிந்தால் நாலு சொட்டு விழுகிறது. கொடியில் போட்டால் கொட்டுகிறது. இத்தனை தண்ணீர் எங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பைக்குள் பை. நான் துவைத்ததெல்லாம் வேட்டி, பாவாடை, நைந்த புடவை. உதறினால் பாதி காய்ந்துவிடும். இதுவோ நனைந்த சாக்கு. இன்னும் மருமகளின் கிரீஸ் பட்ட கம்பெனிச் சட்டையும் போர்வைகளும் காத்திருந்தன.

பேத்தி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். “ஆயா, நீ அத முறுக்குறியா, அது உன்ன முறுக்குதா?”

கொடியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இந்த ஜீன்ஸை யாரும் ஆசையில் சேர்க்கவில்லையே. கடையில் கொடுத்த காசோடு அதன் செலவு முடிந்துவிட்டதா? வாரம் தவறாமல் ஒருத்தியின் ஞாயிற்றுக்கிழமையையும் வாங்கிக்கொள்கிறது. மகனின் செல்லில் அதை எங்கே போடுவது?

மெஷின் வாங்கிய எதிர்வீட்டுக்காரியிடம் போய், “மிச்சமாவுற நேரத்துல இன்னா பண்ற?” என்று கேட்டேன்.

“தூங்குறேன் பெரிம்மா.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாயங்காலம் மகன் கேட்டான்: “இன்னாம்மா, ஆசதானே?”

“தேவைதான்டா. சந்தேகம்னா போர்வ அப்படியே இருக்குது, போய்ப் புழி.”

அவன் போகவில்லை. “அப்ப தவணைக்கு எத நிறுத்துறது?”

“வர்ற தீபாவளிக்கு உனக்கு ஜீன்ஸ் வாணாம்” என்றாள் மருமகள், பட்டென்று.

நாளைக்கு மெஷின் வருகிறது. இதை நானே எழுத்துக்கூட்டி எழுதினேன். சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டேன்.

“இந்தாடி, படிச்சிக் காட்டு. ஜீன்ஸ தூக்க முடியாத எடம் வந்தா மட்டும் சத்தம் போடாம படி. உங்கம்மா சமையல்கட்டுல இருக்கா.”