புகைக்குள் கேட்ட குலவை

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தயக்கம் அதனால் வந்ததல்ல. எழுதினால் அம்மனுக்குக் குறைவாகிவிடுமோ என்று பயம். எழுதாமல் விட்டால் என் மனைவிக்குக் குறைவு. இன்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தகரமும் பலகையும் சாக்கும் வைத்துக் கட்டிய ஒற்றை அறைகள், கோலி என்போம். ஒரு கோலியின் சுவர்தான் அடுத்த கோலிக்கும் சுவர். எனக்கு மாட்டுங்காவில் ஒரு பட்டறையில் வேலை. வீட்டில் நான், மனைவி, நாலு வயது மகள்.

என் மனைவி பேசவே மாட்டாள். அவளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பதுதான் அவள் பேச்சு. சித்திரையில் எங்கள் சந்து அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கும்போது பெண்களெல்லாம் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். இவள் கடைசியில் போய் நின்றுகொள்வாள். பக்கத்துக் கோலியில் இட்லி அவித்து விற்கும் மதினி சும்மா இருக்கமாட்டாள்.

"ஏட்டி, சாமிக்குக்கூட வாயத் தொறக்க மாட்டியா? நாக்க ஊர்லயே வச்சிட்டு ரயில் ஏறிட்டியோ?"

குழாயடியே சிரிக்கும். இவளும் தலைப்புக்குள் சிரித்துக்கொள்வாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திடீரென்று "தீ, தீ" என்று கூச்சல். சந்தின் மேல்கோடியில் யார் வீட்டு ஸ்டவ்வோ வெடித்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால் சாக்குக் கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வருகின்றன. காற்று எங்கள் பக்கமாகவே அடித்தது. வாசலில் மகள் இல்லை.

"பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். எங்கள் சந்தில் எல்லாப் பெண்பிள்ளைகளும் பாப்பாதான். யார் யார் பிள்ளைகளோ அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தன. என் பிள்ளை வரவில்லை. அவளுக்குப் பயம் வந்தால் ஓடமாட்டாள், ஒளிந்துகொள்வாள். இடி இடித்தாலே எதற்கடியிலாவது புகுந்து மூச்சுக் காட்டமாட்டாள். அப்படியானால் ஏதோ ஒரு கோலிக்குள் இருக்கிறாள். எந்தக் கோலி?

தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் நுழைய வழியில்லை. எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தீக்கு முன்னால் இருக்கிற சில கோலிகளை, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிடுவது. நடுவில் வெற்றிடம் விழுந்தால் தீ தாண்டாது. மளிகைக்கடை அண்ணாச்சி ஆட்களைச் சேர்த்துவிட்டார். கயிறு போட்டது இட்லி மதினியின் கோலிக்கும் அதற்கு இருபக்கமும் உள்ள கோலிகளுக்கும். எங்களுடையதும் அதில் ஒன்று.

"அண்ணாச்சி, எம் பிள்ளையக் காணும்! கொஞ்சம் பொறுங்க!"

"எல்லாம் பாத்தாச்சுல, உள்ள ஒருத்தருமில்ல! இன்னும் நின்னா மொத்தச் சந்தும் போயிரும். கீழ எத்தன பிள்ளைய இருக்கு, யோசிச்சியா?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் என்னை இன்றைக்கும் நடுக்குகிறது. பக்கத்துச் சந்து மராட்டிக்காரர்களும் வந்து கயிற்றைப் பிடித்து, இழு இழு என்று "கீஞ்சோ! கீஞ்சோ!" போட்டார்கள். தகரம் கிரீச்சிட்டது. நான் கயிற்றில் தொங்கினேன். யாரோ என் இடுப்பைப் பிடித்துப் பிய்த்து எடுத்தார்கள். "தாயே" என்று கூப்பிடப் பார்த்தேன். நாக்கு எழும்பவில்லை.

அப்போது ஒரு குலவை கேட்டது.

வீடு எரிகிற நேரத்தில் யாராவது குலவை போடுவார்களா? கல்யாணத்துக்கும் சாமிக்கும் உள்ள சத்தம் அல்லவா அது! கூச்சலையும் தகரச் சத்தத்தையும் பிளந்துகொண்டு, மணி அடித்தாற்போல் ஒரே மூச்சில் நீண்டுகொண்டே போனது. எங்கள் ஆட்கள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கை கூப்பினார்கள். "ஆத்தா வந்துட்டாடா!" என்று இட்லி மதினி மண்ணில் விழுந்தாள். எங்களைப் பார்த்து மராட்டிக்காரர்களும் நின்றுவிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். குடம் காலடியில் உருண்டு கிடக்க, தலையை நிமிர்த்தி, வாய் திறந்து என் மனைவி நின்றாள்.

சட்டென்று நிறுத்தினாள். சந்தே அடங்கிப்போனது. தீ சடசடக்கிற சத்தம் மட்டும். அந்த அமைதிக்குள், இட்லி மதினியின் கோலியிலிருந்து ஈனஸ்வரத்தில் "லுலுலு" என்று வந்து, இருமலில் அறுந்தது.

தவழ்ந்து உள்ளே போனேன். கண் தெரியவில்லை. மாவு அண்டா வைக்கிற பலகைக்கு அடியில், சாக்குகளுக்குப் பின்னால், என் கையில் ஒரு சின்னக் கால் அகப்பட்டது. பிள்ளையோடு நான் வெளியே வந்து விழவும், அண்ணாச்சி கயிற்றை இழுக்கச் சொல்லவும் சரியாக இருந்தது. கோலிகள் சரிந்தன. தீ அந்த வெற்றிடம் வரை வந்து நின்றது.

அதற்குள் சனம் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டது. திருநீறு கேட்டார்கள். ஒருத்தி, "தாயே, எம் மவனுக்கு மில்லுல வேல கெடைக்குமா?" என்றாள். இவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மதினியின் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க மதினி. ஆத்தால்லாம் வரல. நாந்தான் போட்டேன். இவுங்க வேலைக்குப் போன பொறவு நானும் பிள்ளையும் ஒளிஞ்சு விளையாடுவோம். நான் சேலைய வாயில வச்சுக்கிட்டு மெல்லக் குலவை போடுவேன். இவ எங்க இருந்தாலும் பதிலுக்குப் போடுவா."

மதினி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடி கள்ளி! இவ்ளோ தொண்டைய உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா எங்கிட்ட ஏச்சு வாங்குன?"

ஒரே அறைக்குள் அத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாத விளையாட்டு, தெரியாத குரல். பட்டறையில் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள். அன்று கயிற்றைப் பிடித்துத் தொங்கியதைத் தவிர என்ன செய்தேன்?

அடுத்து வந்த சித்திரைத் திருவிழாவில் அவளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். பாவம், தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள், குலவை வரவில்லை. அப்புறமும் யார் கேட்டும் அவள் போடவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டால் புகை நாற்றமும் கூட வந்துவிடுமோ என்று இருந்தது. அவள் போய்ச் சேர்ந்த பிறகும், ஸ்டவ் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டால் போதும், பேரப்பிள்ளைகள் எங்கே என்று எழுந்து தேடுகிறேன்.

அம்மன் வந்தாளா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தத் தொண்டையைக் கொடுத்தவள் அவள்தான் என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் செம்பூரில் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையை என்னிடமே ஒருவர் சொன்னார். குலவை கேட்டதும் தீ தானாக அணைந்ததாம். அவர் கதையில் என் மனைவி இல்லை. கயிறு இழுத்துக் கை கொப்புளித்தவர்களும் இல்லை. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்களே, நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அழகுக்காகக்கூட ஒரு வார்த்தை சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள்.