சரித்து வைத்த கீபோர்ட்

பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில், ஒரு பின்லாந்து மெட்டல் இசைக்குழுவின் மேடை வீடியோவைத் தேயத் தேயப் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் கீபோர்ட் வாசிப்பவர் தன் வாத்தியத்தைச் சனத்தின் பக்கம் சரித்து வைத்திருப்பார். விரல்கள் ஓடுவது கடைசி வரிசைக்கும் தெரியும்.

எனக்குக் கிடைத்த ஒரே மேடை மாதா கோயில் தமிழ்ப் பூசை. ஒரு ஞாயிறு நானும் கீபோர்ட்டைச் சரித்தேன். காணிக்கைப் பாட்டின் நடுவில், அதன் மேலிருந்த பாட்டுக் கொப்பி வழுக்கி விழுந்தது. பாடகர் குழு சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த கிழமை நேராக்கிவிட்டேன்.

பூசை முடிய, முன்வரிசையில் இருந்த என் அம்மா கேட்டார்: “ஏன் நேராக்கினனீ? போன கிழமை உன்ர விரல் எல்லாம் வடிவாத் தெரிஞ்சது.”

அன்றிலிருந்து கொப்பியை டேப் போட்டு ஒட்டிவிட்டுச் சரித்துத்தான் வாசிக்கிறேன்.

போன மாதம், அந்தப் பின்லாந்து கீபோர்ட் கலைஞர் தன் குழுவை விட்டு விலகிவிட்டார் என்று ரயிலில் வாசித்தேன். இனி மேடை வேண்டாமாம். வீட்டில் ஒருவர் வேலையை விட்டதுபோல மனம் கனத்தது.

அந்த ஞாயிறு, பூசைக்கு முன் கீபோர்ட்டை ஸ்டாண்டில் பூட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. முன்வரிசையில் இருந்தபடியே கேட்டார்: “சரிச்சுத்தானே வைச்சிருக்கிறாய்?”