மின்னலும் வட்டக் கண்ணாடியும்

டெப்போவில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பதினெட்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறாள். ஒருநாள்கூடப் புறப்படும் நேரம் தவறியதில்லை. ஒவ்வொரு டிரிப்புக்கு முன்பும் ஈரத்துணியை எடுத்து, முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். பத்துச் சுற்று. ஒன்பதோடு நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். எதிரே வரும் பஸ்ஸின் எண்ணை யார் முதலில் சொல்வது என்று அவளுக்கும் கண்டக்டருக்கும் தினமும் போட்டி. தோற்றவர் டீ வாங்க வேண்டும். அறுபத்தெட்டு என்பாள்; கிட்டே வந்தால் அறுபத்து மூன்றாக இருக்கும்.

"அக்கா, இந்த மாசம் என் உடம்புல உங்க டீதான் ஓடுது," என்றான் கண்டக்டர்.

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் பயம். வெள்ளிக்கிழமை டெப்போவில் வருடாந்தரக் கண் பரிசோதனை. எழுத்துப் பலகையில் கோடு போட்ட வரியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே படித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். மின்னலைப் போய் நாற்காலியில் உட்கார வைப்பதா!

கண் டாக்டரிடம் ஓடினாள். அந்த அம்மா, கடிகாரம் போலச் சுற்றிலும் கோடுகள் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். சில கோடுகள் கன்னங்கரேல் என்றும் சில வெளிறியும் தெரிந்தன.

"எல்லாமே ஒரே கறுப்புதாம்மா. உங்க கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையா இல்ல, முட்டை மாதிரி இருக்கு. அதனால வெளிச்சம் ஒரே இடத்துல குவிய மாட்டேங்குது. இதுக்குப் பேரு ஆஸ்டிக்மாடிசம். நிறைய பேருக்கு இருக்கு, கண்ணாடி போட்டா தெளிவாயிடும்."

"அவ்வளவுதானா டாக்டர்? நான் பார்வையே போகப் போகுதுன்னு பயந்தேன்!"

டாக்டர் ஒரு சோதனை லென்ஸை அவள் கண்முன் பொருத்தி, மெல்லத் திருப்பினார். "இப்படி நல்லா இருக்கா? இப்படியா? இந்த லென்ஸ் சரியான சாய்வுல நிக்கணும். கொஞ்சம் திரும்பினாலும் மங்கிடும்."

கண்ணாடிக் கடையில் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தவர் அவள் கணவர். "வட்டமா எடுத்துக்கோ, எடுப்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, லென்ஸ் பொருத்தி வந்து அவள் போட்டதும், "மூக்கு மேல ரெண்டு சைக்கிள் சக்கரம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவள் காதில் அது விழவே இல்லை. மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன! மின்கம்பி ஒன்றல்ல, மூன்று! சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் ஒரு கடைப் பலகை விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பரிசோதனை அறைக்கு வெளியே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பழக்கதோஷம். ஒவ்வொரு லென்ஸுக்கும் அழுத்தமாகப் பத்துச் சுற்று.

இடது கண் கடகடவென்று படித்துவிட்டது. வலது கண்ணுக்கு வந்ததும் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறியதுபோல் இழுபட்டிருந்தது.

"தெரியலையாம்மா?" பரிசோதகர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அவள் விடவில்லை, உற்றுப் பார்த்தாள். கண்ணாடி வாங்குவதற்கு முன் எழுத்துகள் மேலும் கீழுமாகத்தான் இழுபடும். இன்று சாய்வாக அல்லவா இழுபடுகின்றன? கண் ஒரே ராத்திரியில் இப்படி மாறுமா? டாக்டரின் விரல் லென்ஸைத் திருப்பியது ஞாபகம் வந்தது.

"சார், ஒரு நிமிஷம்! எழுதிடாதீங்க!"

வலது லென்ஸில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினாள். லென்ஸ் ஃபிரேமுக்குள் வழுக்கியது. இன்னும் மங்கல். எதிர்ப்பக்கம் திருப்பினாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம்...

"வந்துட்டுது சார், வந்துட்டுது!"

கோடு போட்ட வரியைப் படித்தாள். அவர் கேட்காமலேயே அதற்குக் கீழ்வரியையும் படித்தாள். அவர் சந்தேகப்பட்டு வேறு பலகையை மாட்டினார். அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தாள்!

அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வலப்பக்க ஸ்க்ரூ லூஸ். வட்ட ஃபிரேமுக்குள் லென்ஸ் ஜாலியாகச் சுற்றியது.

"இத எப்படித் தொடைச்சீங்க?"

செய்து காட்டினாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, இது பஸ் கண்ணாடி இல்ல! பாஸ் போட்டுட்டேன். ஆனா கடையில ஸ்க்ரூவ முறுக்கி, சாய்வ அளந்து பார்த்த பிறகுதான் வண்டிய எடுக்கணும்."

அவள் கடைக்கு நடக்கவில்லை, பறந்தாள்.

மத்தியான டிரிப். தூரத்துத் திருப்பத்தில் ஒரு பஸ் மூக்கை நீட்டியது.

"அறுபத்து மூணு!" என்று கத்தினாள். "டிரைவர் மீசைய எடுத்துட்டாருடா தம்பி!"

கண்டக்டர் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். கிட்டே வந்தது. அறுபத்து மூன்றேதான். மீசையும் இல்லை.

"டீயாக்கா?" என்றான் சுரத்தில்லாமல்.

"தினமும்," என்றாள் மின்னல், கியரை மாற்றியபடி. "ரிட்டையர் ஆகற வரைக்கும்."