எட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு பெட்டி

அரூரிலிருந்து வந்து, விடிவதற்கு முன் மதுரையில் பேருந்து மாறினேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். உப்பளங்கள் வெளுத்துக் கிடந்த நேரத்தில் தூத்துக்குடி வந்துவிட்டது. அங்கிருந்து திரேஸ்புரம் கடற்கரைக்கு ஆட்டோ நூற்றிருபது. மடியில் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் மூடி, அடியில் சிமென்ட்: ஒளித்துவைக்க நான் செய்த பெட்டி.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை இணையத்தில் போடுவார். முகமறியாத யாரோ தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் தன் பெயரை எழுதுவார். பரிசு கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பாதி நாட்டைப் பார்த்தது இந்த எண்களின் பின்னால் போய்த்தான். கல்குவாரிக் குட்டையிலும் ஏரி மதகடியிலும் ஒளித்திருக்கிறேன். கடலில் இதுதான் முதல்.

டீக்கடையில் விளையாட்டைச் சொல்லி, கடலில் மூழ்க ஆள் கேட்டேன்; மிக்கேலைக் காட்டினார்கள். சங்கு குளிப்பவர், நாற்பது வயதிருக்கும். கூட, அவர் வள்ளத்தில் இருந்து நீருக்கடியில் இருப்பவருக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் மிஷினைக் கவனிக்கும் சேவியர்.

"உள்ள என்ன அண்ணாச்சி?" என்றார் மிக்கேல்.

"நனையாத தாள், ஒரு பென்சில்."

சேவியர் சிரித்தார். "ஏலே மிக்கேலு, இதக் கடல்ல போட்டா தங்கம்னு நெனச்சு போலீஸ்காரன் நம்மளத் தூக்கிருவாம்லே!"

மிக்கேல் சிரிக்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாதவன்லாம் வந்து தேடுவானா? அடிமட்டம் வரைக்கும் எறங்கி?"

"தேடுவாங்க."

"அப்பம் எடத்த நான் சொல்லுதேன்."

வீட்டுக்கு நடக்கும்போது விஷயத்தைச் சொன்னார். தம்பி லூர்து தை மாதம் சங்கு எடுக்க இறங்கினான். காற்றுக் குழாய் மட்டும் மேலே வந்தது. நீரோட்டம் பலமாக இருந்த நாள். ஊர் வள்ளங்களெல்லாம் தேடி ஓய்ந்துவிட்டன.

"ஆளு இனி இருக்காது, தெரியும். முங்குறதுக்கு இடுப்புல கட்டுன ஈயம் எங்கயும் போவாதுல்லா?"

லூர்தின் மனைவி செல்வராணி வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். கணவருடையது ஏதாவது ஒன்றைக் கண்ணில் காட்டாமல் கல்லறைக்குக் குழி வெட்ட அவர் சம்மதிக்கவில்லை.

"வெளியூர்க்காரங்கல்லாம் வருவாங்களாமே? மிக்கேல் அத்தான் போன்ல சொன்னாரு" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இந்தப் பக்கம் இத விளையாடுறவங்க கொஞ்சம்மா. கடல்ல இறங்குறவங்க அதுலயும் கொஞ்சம். ஒருத்தருமே வராமப் போகலாம்."

"ஊர்க்காரங்க விட்டுட்டாவ. ஒருத்தன் வந்தாலும் வந்ததுதான்."

உள்ளே போய் ஓர் ஈயக்கட்டியைக் கொண்டுவந்தார். தகர டப்பாவில் வார்த்தது, மேலே கத்தியால் கீறிய சிலுவை. கணவரின் இடுப்பு வாருக்கு எல்லாக் கட்டியும் அவரே அடுப்பில் உருக்கி வார்த்தவையாம். மிஞ்சியது இது ஒன்றுதான்.

"இதப் பெட்டிக்குள்ள வைங்க. என்ன தேடணும்னே தெரியாம எப்படித் தேடுவாவ?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு வள்ளம் கிளம்பியது. தீவுகள் பக்கம் போக வனத்துறை விடாது என்பதால் நேர் கிழக்கே ஓட்டினார்கள். அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிலக்கரிக் கப்பல்கள் நின்றன. ஈயக்கட்டி என் கையில் கனத்தது.

"இதையே புதைச்சுடலாமே?" என்று கேட்டேன்.

மிக்கேல் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "நானே ஒண்ண உருக்கிக் கொண்டுபோயி, கெடச்சிட்டுன்னு குடுத்தேன் அண்ணாச்சி. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. இது நான் வாத்தது இல்ல அத்தான்னு தந்துட்டா."

லூர்து இறங்கிய இடத்தில் எட்டுப் பாகம் ஆழம், ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஈயக்கட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, எண்களைக் குறித்துக்கொண்டேன். காற்றுக் குழாயைப் பல்லில் கடித்து, பெட்டியை அணைத்துக்கொண்டு மிக்கேல் இறங்கினார். ஒரு பாறையில் கட்டிவிட்டு வர ஆகும் நேரம் தாண்டியும் அவர் வரவில்லை. சேவியர் மிஷினையும் நீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேலே வந்தபோது மிக்கேலின் கை வெறுமையாக இருந்தது. "கட்டியாச்சு. அப்படியே கொஞ்சம் வெலகியும் பாத்தேன்" என்றார். சேவியர் காற்றுக் குழாயைச் சுற்றி வைத்தார்.

மதியம் திரும்பும் பேருந்தில் இணையப் பக்கத்தை எழுதினேன். காற்றும் துணையும் இல்லாமல் இறங்காதீர்கள் என்று முதல் வரி. என் ஊர் அரூரில், செத்தவர் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. சுடுகாடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் என்று கைநீட்டிவிடலாம். வழக்கமாகக் கடைசியில், பார்த்ததை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்று எழுதுவேன். இதில், பெட்டிக்குள் இருப்பதைப் போல இன்னொன்று மணலில் கண்டால் அங்கே விடாதீர்கள், திரேஸ்புரத்தில் செல்வராணியிடம் கொடுங்கள் என்று எழுதினேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. இணையப் பக்கத்தில் ஒரு பெயரும் ஏறவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மிக்கேல் போனில் கூப்பிடுகிறார்.

"யாரும் வந்தாவளா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல."

"சரி. தண்ணி இப்பம் கலங்கலாத்தான் கெடக்கு. வந்தாலும் தெரியாது. தெளியட்டும்."