கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர், வாசலில் ‘மாப்’ வந்திருக்கிறது, யாரும் இறங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். இறங்கிப் பார்த்தேன். வேலையை விட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க வந்த, வீட்டு வேலை செய்யும் நான்கைந்து பெண்கள்.

கலகக் கூட்டத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமா. அப்போது நான் பள்ளிச் சிறுவன், கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அவர் அதைச் சொன்ன அன்று காலை அவருக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநீர்மலைக்குப் போனேன். வழியில் பஞ்சர். கடையில் விட்டுவிட்டு நடந்தே திரும்பினால், வாசலில் மாமா.

“எங்கடா என் சைக்கிள்?”

காலனிக் கிணற்றில் தூர் வாரிவிட்டு, சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஆளைக் காட்டினேன். “அவன்தான் தள்ளிட்டுப் போய் யார்கிட்டயோ குடுத்துட்டு வந்தான்.”

காலை முழுதும் கிணற்றுக்குள் இருந்தவர் எப்போது போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வங்கிக்காரர் அவரைப் பிடிக்க ஓடினார். கணக்கு வாத்தியார் ஓடினார். இஸ்திரி போட்ட சட்டையில் பேனா செருகியிருந்த மாமாதான் முதலில் அறைந்தார்.

சாயங்காலம் தூர் வாரியவரின் மனைவி சொந்தக்காரர்களோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

“எங்க வூட்டு ஆளுக்கு ஒரு காது கேக்கல சார். அவரு இன்னா எடுத்தாரு, அத்த மட்டும் சொல்லு.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னா பேனா சார், காலைல கையி நீண்டுச்சு, இப்ப வாயி தொறக்கலியா?”

மாமா கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார். “பார்த்தியா, இதுக்குப் பேர்தான் மாப்” என்றார். லத்தீனில் அது இரண்டு சொற்களாம். எளிதில் அசைந்துவிடுகிற பாமர ஜனம் என்று பொருளாம். இங்கிலாந்துக் கனவான்கள் அதை நறுக்கி ஓரசையாக்கினார்களாம். “எவனோ ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா போதும். என்ன ஏதுன்னு கேக்காம ஓடுவாங்க.”

மறுநாள் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமா சக்கரத்தில் ஒட்டியிருந்த திருநீர்மலைச் சிவப்பு மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துடைத்து உள்ளே வைத்தார். அடி தப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. தூர் வாரியவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாழ்நாள் இருந்தது. போகவில்லை.

முந்தின நாள் மாலை வந்தவர்கள் ஒரு கல் எறியவில்லை, கேட்டைத் தொடவில்லை. இருட்டும்வரை நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாமா சொன்னபடி எப்போது ஓடத் தொடங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.