தம்பி வாங்கவிருந்த ஜெர்மன் கார்

பிரான்சின் துலூஸ் நகரில் பழைய கார் விற்கும் பலர் முதலில் அதன் குறைகளைத்தான் சொல்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. ஒரு மூதாட்டியிடம் சிறிய வெள்ளைக் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கிளட்ச் தளர்ந்துவிட்டது, பின்கண்ணாடி இறங்காது, மழையில் கதவு ஒழுகும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இவருக்கு விற்க மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவரே போன் செய்து, தான் ஏதாவது மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டோமோ என்று கேட்டார். அந்தக் காரைத்தான் பிறகு பல வருடம் ஓட்டினேன். அங்கேயும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. இல்லாவிட்டால் எனக்கு வேலையே இருக்காது. வாகனச் சோதனை நிலையம் ஒன்றில், தூக்கி நிறுத்திய கார்களின் அடிப்பக்கத்தை ஆராய்வதுதான் என் பிழைப்பு.

சென்னை பெருமழையில் மிதந்ததற்கு அடுத்த வருடம் விடுமுறைக்குப் புதுச்சேரி போனேன். அங்கே சாரம் பகுதியில் என் தம்பி செல்வம் இரண்டு வேன்களை வைத்து டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டையும் விற்றுவிட்டு, இறக்குமதியான பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னான். கல்யாணங்களுக்கும், பிரான்சிலிருந்து வரும் குடும்பங்களுக்கும் அதை வாடகைக்கு விடலாம் என்பது அவன் திட்டம். வேன்களை எடுத்துக்கொள்ள ஆளும் தயார். அவன் மனைவி மலர் என்னைத் தனியே அழைத்தாள். "நீங்களாவது ஒரு தடவ பாத்துடுங்க அண்ணி. வேன் போயிடுச்சுன்னா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

புதுச்சேரியிலேயே உள்ள மேட்டுப்பாளையத்தில் ஒரு ஷெட்டில் கார் நின்றது. கறுப்பு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. உள்ளே சென்ட் வாசனை தூக்கியது. பானெட்டைத் தொட்டேன், சுட்டது.

"இப்பதான் ஓட்டுனீங்களா?"

"உங்களுக்காகத்தான் மதாம், ஏசி போட்டு வச்சேன்" என்றார் புரோக்கர். பிறகு தம்பியிடம் திரும்பி, "அக்கா பிரான்ஸ்ல இருக்காங்கல்ல, அங்க ரோடு கண்ணாடி மாதிரி. நம்ம ஊர் வண்டிங்கள பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்!" என்று சிரித்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நாளைக்கு காலையில வரோம். நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றேன். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது.

வீடு திரும்பும் வழியெல்லாம் செல்வம் பொருமினான். "மானத்த வாங்கிட்டியேக்கா. நீ பிரான்ஸ்காரி ஆயிட்ட. இங்க எவன் மேலயும் உனக்கு நம்பிக்கை இல்ல." அந்த வார்த்தை தைத்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. காலையில் அவனுக்கு முன்பே கிளம்பி வாசலில் நின்றேன்.

ஷெட்டில் நானே சாவியைத் திருப்பினேன். திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து பின் அணைய வேண்டும். அது எரியவே இல்லை. கோளாறு தெரியாதிருக்க யாரோ துண்டித்திருந்தார்கள். எஞ்சின் இருமி இருமித்தான் பிடித்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு. சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியாகத்தான் இருக்க வேண்டும்.

"டாக்டர் வச்சிருந்த வண்டி மதாம்..." என்று புரோக்கர் தொடங்கினார்.

செல்வம் அந்தச் சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு, "வேணாம்ணே, வரோம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

இப்படிப்பட்ட கார் வாங்க நினைக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: மைலேஜ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், பெடல்களின் தேய்மானத்தைப் பாருங்கள். வண்டியில் பொறித்த சேஸிஸ் எண்ணும் இறக்குமதிப் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். சுங்கவரி முழுதாகக் கட்டியாயிற்றா, கொண்டுவந்தவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்று கேளுங்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சந்தேகப்படுவது அவமதிப்பு என்று நம் ஊரில் நினைக்கிறோம். எனக்கு அது அக்கறை.

வேன்கள் தப்பின. ஆனால் நான் விமானம் ஏறும்வரை செல்வம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, துலூஸில் தூக்கி நிறுத்திய ஒரு காரின் கீழே நின்றிருந்தபோது போன் அடித்தது. "அக்கா, கடலூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் வேன் பாத்துட்டு இருக்கேன். போனை எஞ்சின் கிட்ட வக்கிறேன், சத்தத்த கேட்டு சொல்லு." பக்கத்தில் வண்டிக்காரர் தன் கார் தேறுமா என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னேன். ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணெதிரே இருந்த காரின் துருவைப் பார்த்தபடியே, கடலூர் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் எஞ்சினைக் கேட்கத் தொடங்கினேன்.