கண்ணை மூடி ஒரு ஜெபம்

இன்று ஓசூரில் எங்கள் சபை ஹாலில் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி.

இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார்கள். ஒருவர் துக்கத்தில் இருப்பவர்போல் நடித்துப் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். என் எதிரே சூளகிரி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பிரதர்.

"ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போனா, எதுக்கு இருக்கறோம்னு தோணுது சிஸ்டர்" என்றார்.

நடிப்புதான் என்றாலும் எனக்குத் தாங்கவில்லை. "ஜெபிக்கலாம் பிரதர்" என்று கண்ணை மூடிவிட்டேன். நல்ல நீளமான ஜெபம்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் தம்பி எங்கிட்ட சொன்னது சிஸ்டர். நானும் இப்படித்தான் உடனே ஜெபம் பண்ணேன். ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனான். மறுநாள் அவன் இல்ல. நான் ஜெபிக்கறப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவர் பேசினார், நான் கேட்டேன்.

மதியம் வீட்டில் சாப்பாட்டு ஜெபத்தைக் கண்ணைத் திறந்தபடியே சொன்னேன். காலேஜ் போகும் என் மகளும் கண்ணை மூடவில்லை. வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படியோ.

ஆமென் சொல்லாமலே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டு ஜெபத்தில் யார் கண் திறந்திருக்கிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.